ஒவ்வொரு துளியிலும் பயம்

மைக்கைக் கையில் வாங்கியதும் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். 'ஹலோ, ஹலோ' என்று இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று ஆரம்பிப்பார்கள். அக்கா இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்து நான் பார்த்ததில்லை. மைக்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு முதலில் கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடுவார். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் எத்தனை பேர் நின்றாலும் சரி, அவருக்கு வேண்டியது ஒருவர்தான். கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துபோகும்.

"ஏ, பச்சப் பொடவ அக்கா! கையில பைய வச்சிகினு இன்னா அவ்ளோ அவசரமா போறீங்க? பஸ்ஸு இன்னும் வரல, நான் பாத்துகினுதான் கீறேன். இப்டி நெயலுக்கு வாங்க."

பச்சைப் புடவைக்காரம்மாள் திரும்பிப் பார்ப்பார். தன்னைத்தானா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். "உங்களத்தான், உங்களத்தான்" என்று ஒலிபெருக்கி சொல்லும். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள், வெயில் இப்படி அடிக்கிறதே, தண்ணீர் குடித்தீர்களா. இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆளுக்குக் காது நீளும். ஐந்தே நிமிடத்தில் வேனைச் சுற்றி நிற்க இடம் இருக்காது.

"பொதுமக்களேன்னு சொன்னா எல்லாரையும் ஒரே தடவையில கூப்பிட்டுடலாமேக்கா" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பொதுமக்கள்னு ஒருத்தர நீ எங்கனா பாத்துகீறியா? எந்த ஊரு அவரு?"

நான் எம்.பி.ஏ. முதல் வருடம் முடித்தவள். வாடிக்கையாளர்களை வயதுவாரியாக, வருமானவாரியாகப் பிரித்து, கட்டம் கட்டிப் பரீட்சையில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள். அந்தக் கட்டங்களில் ஊர்ப்பெயர் கிடையாது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஏன் போட்டாய் என்று கேட்பார், எழுதாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார். இரண்டாவது கேள்வியைச் சமாளிப்பது எனக்குச் சுலபம். வேனில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிடப் பத்து வயது மூத்த டிரைவர் அண்ணனுக்கும்கூட. நான் இப்போதும் மார்க்கெட்டிங்கில்தான் இருக்கிறேன். எத்தனையோ பெரிய பேச்சாளர்களைக் கேட்டுவிட்டேன். ராஜகுளத்துக்காரரான அக்கா பேசி நான் கேட்ட அந்த இரண்டு மாதத்துக்கு அவர்கள் பேச்சு உறைபோடக் காணாது.

அந்த இரண்டு மாதம் எனக்கு வாய்த்தது ஒரு ஏமாற்றத்தில்தான். சோப்பு, பிஸ்கட், பற்பசை என்று எதை எடுத்துத் திருப்பினாலும் பின்பக்கத்தில் பெயர் இருக்குமே, அப்படி ஒரு பெரிய கம்பெனியில் எனக்குக் கோடை விடுமுறைப் பயிற்சி கிடைத்திருந்தது. எங்கள் காவாந்தண்டலத்திலிருந்து சென்னையின் கண்ணாடிக் கட்டடத்துக்கு! புதுச் செருப்பு வாங்கினேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறும்போது எந்தக் கையால் பொத்தானை அழுத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் நாள் எங்கள் மேனேஜர் கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர், எல்லோரையும் சார், மேடம் என்பார். பிரசார வேன்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"உங்க நேட்டிவ் எது?"

"காஞ்சிபுரம் சார்." நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

"காஞ்சிபுரத்துல எங்க?"

"உத்திரமேரூர் பக்கம்…"

"சூப்பர்!" என்றார். மறுநாள் நான் உத்திரமேரூரில் இருந்தேன். கம்பெனி புதிதாக விடப்போகும் மாம்பழச் சாற்றுக்கு ஊர் ஊராக வேன் போகிறதாம், உள்ளூர் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மெட்ராஸ்ல பெரிய கம்பெனின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிகீறேன். நீ இன்னாடான்னா இங்கியே சுத்திகினு கீற!"

நானும் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வேனைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. மாம்பழ நிறத்தில் வேன், கூரையில் நாலு ஒலிபெருக்கி, பின்னால் ஐஸ் பெட்டி நிறையச் சின்னச் சின்ன அட்டை டப்பாக்கள். என் கழுத்தில் கம்பெனி அட்டை. இத்தனைக்கும் நான் பொறுப்பு என்று நினைத்தபோது, சிரிக்காதீர்கள், அட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நேராகத் திருப்பி விட்டுக்கொண்டேன். வேனில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் மெட்ராஸ் கம்பெனி பொண்ணா? நாஷ்டா ஆச்சா?"

அன்றைக்கு முதல் ஊரிலேயே இடி விழுந்தது. கம்பெனி ஒரு தாள் கொடுத்திருந்தது. அதில் கொட்டை எழுத்தில் இரண்டு வரி: 'ஒவ்வொரு துளியிலும் பழம். ஒவ்வொரு வீட்டிலும் பழம்.' அந்த இரண்டு வரியை மட்டுமாவது அப்படியே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அக்கா தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஒவ்வொரு துளிலயும் பயம்! ஒவ்வொரு வூட்லயும் பயம்!"

நான் ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் என் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் வகுப்பில் எழுந்து நின்று பேசும்போது 'வாயப்பயம்' என்று சொல்லிவிட்டேன். மொத்த வகுப்பும் சிரித்தது. அன்றிலிருந்து விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். மழை, குழல், தாழ்ப்பாள், வாழைப்பழம். மூன்று மாதம் ஆயிற்று. அந்த ஓர் எழுத்து நான் பாடுபட்டுச் சேர்த்த சொத்து. அதை ஒருத்தர் நாலு ஒலிபெருக்கியில் இப்படிப் போட்டு உடைத்தால் எப்படி இருக்கும்?

மதியம் மர நிழலில் வேனை நிறுத்தியபோது அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். நாக்கை இப்படி மடிக்க வேண்டும் அக்கா, மேலண்ணத்தில் ஒட்டாமல்.

"பளம்."

"இல்லக்கா, பழம்."

"பலம்."

"அது வேறக்கா."

"பலம்னா தெம்புதான? அத்து இன்னும் ஷோக்கா கீதே. ஒவ்வொரு துளிலயும் பலம்!"

"குடிச்சா தெம்பு வரும்னு சொன்னா கேஸ் போடுவாங்கக்கா!"

டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் சிரித்தார். "வுடு பாப்பா. இங்க யாரும் பயந்துகினு ஓடலியே" என்றார். உண்மைதான். ஓடவில்லை. எங்கள் பக்கம் பழமும் பயம்தான், பயமும் பயம்தான். எது எது என்று யாருக்கும் இதுவரை குழம்பியதில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பயந்த ஒரே ஆள் நான்.

திருப்புலிவனத்தில் நடந்ததைச் சொன்னால் அவரை இன்னும் புரியும். கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. அக்கா மைக்கிலேயே கேட்டார்: "இன்னா நைனா தேடறீங்க?"

"சக்கர கீதா இதுல? எனுக்கு சுகரு."

நான் அவசரமாக, சுத்தமான மாம்பழம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "கீது நைனா. நெறையவே கீது. நீங்க குடிக்காதீங்க." இதையும் மைக்கில்தான் சொன்னார். தெரு முழுவதும் கேட்டது. கம்பெனியின் வேனில் ஏறி, கம்பெனியின் மைக்கில், கம்பெனியின் சரக்கைக் குடிக்காதே என்கிறார்!

"ஏங்க்கா இப்படிப் பண்றீங்க? சத்தம் போடாமயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த மனுசன் என் மூஞ்சப் பாத்து கேக்குறாரு. பொய் சொல்ல வருமா?"

பெரியவர் குடிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. வேன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் பொண்ணு மெய்யாலுமே சொல்லுது, தெகிரியமா வாங்கு, பசங்களுக்குக் குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஐஸ் பெட்டி காலியாகி, உத்திரமேரூருக்கு வண்டியைத் திருப்பி மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தோம். நான் சந்தோஷத்தில் டிரைவர் அண்ணனை ஹாரன் அடிக்கச் சொன்னேன்.

ஆளில்லாத தெரு வந்தால் மைக்கை அணைத்துவிடுவார். எல்லோரும் வயலுக்கும் வேலைக்கும் போயிருக்கும் நேரம். விதிப்படி வேன் போகும் வழியெல்லாம் சத்தம் இருக்க வேண்டும். "யார்னா கேப்பாங்களா? எருமதான் கேக்கும்" என்பார். ஆனால் எங்காவது ஒரு வாசலில் ஒரு பெண்பிள்ளை அரிசி புடைத்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும், வேன் நின்றுவிடும். போன வாரம் அந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால், இந்த வாரம் முதலில் அதைத்தான் கேட்பார். சாறு விற்பது மூன்றாவதோ நாலாவதோதான். எரிச்சலாக இருக்கும் எனக்கு. நேரம் போகிறதே, இன்றைக்கு நாலு ஊர் முடிக்க வேண்டுமே என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவேன். அவர் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது, எங்க வாங்குன?" என்பார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு தொழிற்சாலையில் மிஷின் முன்னால் நின்றிருக்கிறார். சம்பளம் குறை சொல்ல முடியாதாம், பஸ்ஸெல்லாம் வீட்டு வாசலுக்கே வருமாம். "ஆனா எட்டு மணி நேரம் வாய மூடிகினு நிக்கணும் பாப்பா. பக்கத்துல கீறவ பேசுனாகூட மிஷின் சத்தத்துல காதுல வியாது. எனுக்கு பயித்தியமே புட்சிரும் போல ஆய்ட்ச்சி." இந்த மைக் போனால் திரும்ப அந்த மிஷின்தான் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

மைக் போகிற நாள் வந்தேவிட்டது. உத்திரமேரூரில் சந்தை நாள். மேனேஜர் சென்னையிலிருந்து காரில் வந்து, யாருக்கும் சொல்லாமல் கூட்டத்தோடு நின்றிருக்கிறார். நான் பார்த்தபோது போனை உயர்த்திப் பதிவு செய்துகொண்டிருந்தார். அக்காவோ கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு அம்மாளிடம் உச்ச ஸ்தாயியில் பயம், பயம் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க? பயமா?"

"பழம் சார்."

"பயம்னுதான் கேக்குது."

எங்க ஊர்ல அப்படித்தான் சார் சொல்லுவோம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "இவங்க ஊர்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க." என் வீடு அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கோபப்படக்கூட இல்லை. "ஆறு மாசம் யோசிச்சு எழுதின லைன். ஒவ்வொரு வீட்டிலும் பயம்னா எப்படி?" என்று வருத்தப்பட்டார். சென்னையில் ஒரு பெண்ணை வைத்துக் குரல் பதிவு செய்து அனுப்புவதாகவும், சனிக்கிழமையோடு அக்காவை நிறுத்திக்கொள்ளலாம் என்றும், அதை நானே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னேன். அதற்குள் பதிவும் என் போனுக்கு வந்திருந்தது. அக்கா ஐஸ் பெட்டியைத் துடைத்து முடித்தார். "அந்தப் பொண்ணு கொரலு வந்துட்ச்சா? போடு, கேப்போம்" என்றார். என் போனில் போட்டேன். அன்பான இல்லத்தரசிகளே என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு ழகரமும் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

"நல்லா கீதும்மா. மெய்யாலுமே நல்லா கீது" என்றார். பிறகு, "ஆனா யாராண்ட பேசுது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மேனேஜருக்குப் போன் செய்தேன். என் பயிற்சிக்கு ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும், அதையே தலைப்பாக வைத்துக்கொள்கிறேன், ஒரு நாள் அக்கா, ஒரு நாள் பதிவுக் குரல் என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றேன். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "குட் ஐடியா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் படித்ததை நான் நிஜமாகவே செய்யப்போகிறேன்!

பதிவுக் குரல் முதலில் போன ஊர்களில் ஒன்று காவாந்தண்டலம். எங்கள் தெருவில் வேன் நுழைந்தபோது நான் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தேன். 'அன்பான இல்லத்தரசிகளே' என்று குரல் ஆரம்பித்ததும் முதல் வீட்டில் எட்டிப் பார்த்த தலை உள்ளே போயிற்று. இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்துகொண்டிருந்த என் அப்பா வேனை மறித்தார்.

"வூட்டு வரிதான? போன மாசமே கட்டியாச்சி. சீட்டு வூட்ல கீது."

நான் தலையைத் தூக்கினேன். "நைனா, நான்தான்! ஜூஸு விக்க வந்துகீறோம்!"

"ஜூஸா? இன்னாத்துக்கு இப்டி பேசுது? சுத்தமா பேசுனா கவர்மென்ட்டுன்னுதான நெனப்பாங்க? ஏதோ கையெழுத்து வாங்க வந்துகீறாங்கன்னு எல்லாம் உள்ள பூட்டாங்க."

ஊர் ஊராக இதே கதை. ஒரு ஊரில் மின்சாரம் நிற்கப் போகிறது என்று நினைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் அதே பக்கம் அக்கா போனால், "நேத்து யாரோ வந்து கத்திகினு பூட்டாங்க, இன்னாக்கா அது?" என்று அவரிடமே விசாரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். கேட்ட வார்த்தையை அப்படியே, கீது என்றால் கீது என்றே எழுதினேன்.

கண்ணாடிக் கட்டடத்தில் அறிக்கையை வாசித்த நாள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள். பெரிய மேஜையைச் சுற்றிப் பெரிய ஆட்கள். வூட்டு வரி இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா பேசிய ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். யாரும் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "என்ன வாய்ஸ்!" என்றார்கள். அந்த உற்சாகத்தில் எனக்கு நாக்கு நிற்கவில்லை. "இந்த வாய்ஸை எல்லா வேன்லயும் வெச்சா எப்படி இருக்கும் சார்!" என்றேன்.

கை தட்டினார்கள். படிப்பு முடிந்ததும் வேலைக்கு வந்துவிடுங்கள் என்று அங்கேயே சொன்னார்கள். வெளியே வரும்போது மேனேஜர் என் கையைக் குலுக்கினார். "பிரமாதமான ஐடியா. ஒரு நாள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வாங்க, ரெக்கார்ட் பண்ணிடலாம். அதுக்கப்புறம் எந்த வேன்லயும் மைக்குக்கு ஆளே வேண்டாம்."

சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினேன். கீழே இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. காப்பாற்றப் போய், நானே என் வாயால் அவர் மைக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கோழை நான். ஸ்டூடியோவில் உங்கள் குரலைப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தார். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை வரை பஸ்ஸில் என் காதில் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஸ்டூடியோ என்பது பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சட்டை போட்ட ஒலிப்பதிவாளர், நீலச் சட்டையில் மேனேஜர், நான். பொத்தானை அழுத்திப் பேசினால்தான் உள்ளே கேட்கும். மேனேஜர் பொத்தானை அழுத்தி, "ஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்றார்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"இங்க யாரு கீறாங்க?" என்றார் மெதுவாக.

"யாரும் வேண்டாம் மேடம். பொதுவா பேசுங்க."

மூன்று தரம் வாயைத் திறந்து மூடினார். அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண் போயிற்று. ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்! "ஏ, செவப்பு சட்ட தம்பி! நாஷ்டா துன்னியா நீ? கண்ணெல்லாம் செவந்து கீது, ராத்திரி தூங்கலியா?" என்று அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்தார். அருமையான பேச்சு. ஆனால் மொத்தமும் அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பிக்கு. இதை எந்த ஊரில் போடுவது? மறுபடி, மறுபடி என்று எடுத்தார்கள். ஒன்று தம்பிக்கு, ஒன்று டீ கொண்டுவந்தவருக்கு, ஒன்று எனக்கு. பொதுவாக என்றால் வாய் அடைத்துக்கொண்டது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அவங்களை நல்லா தெரியுமே. உள்ள போய் உக்காந்து பேச வெச்சுடுங்க. இல்லத்தரசி மாதிரி நீங்க முன்னால இருந்தாப் போதும்."

முடியும். அது எனக்குத் தெரியும். நான் எதிரே உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளையாக நடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அத்தோடு அக்காவின் கதையும் முடிந்துவிடும். உள்ளே போனேன். அவர் பக்கத்தில் குனிந்தேன். இத்தனை நாளாகப் பாதுகாத்து வைத்திருந்த என் சுத்தத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அக்கா, நீ பேசி முட்ச்சிட்டன்னா உன் வேல பூடும்க்கா. இத்த வச்சிகினு உன்ன வூட்டுக்கு அனுப்பிருவாங்க. நான்தான்க்கா சொல்லிட்டேன், தெரியாம சொல்லிட்டேன்."

மைக் திறந்திருந்தது என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகளும் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது.

அக்கா என் கன்னத்தைத் தட்டினார். "தெரியும் பாப்பா. பஸ்ல வரசொல்ல நீ ஒரு வார்த்த பேசல. அப்பவே தெரியும். அதுக்கோசரம் நான் ஒண்ணியும் வேணும்னு பண்ல, ஆளு இல்லாம எனுக்கு மெய்யாலுமே பேச வரல." என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண் தேடியது. நின்றது. முகம் மலர்ந்தது.

"கண்ணாடிக்கு அந்தாண்ட நீலச் சட்ட போட்டுகினு, பேனாவ வாயில வச்சிகினு கீற சார்! உங்களாண்டதான் பேசறேன். காலைலேர்ந்து நீங்க ஒண்ணியும் துன்னல, மூஞ்சப் பாத்தாலே தெரியுது. இருக்கட்டும். ஒரு சரக்கு கொண்டாந்துகீறேன். புட்ச்சா எடுத்துக்கோங்க, இல்லாங்காட்டி வுட்ருங்க. சரக்கு நான்தான். கொறைய மொதல்ல சொல்லிடறேன். அந்த எயுத்து என் வாயில வராது. இந்தப் பொண்ணு நாக்க மடிச்சி மடிச்சி சொல்லிக் குட்த்துப் பாத்துட்சி. எயுதிக் குட்த்தத அப்டியே படிக்கவும் வராது. சுகரு கீறவங்க கேட்டா குடிக்காதன்னு சொல்லிடுவேன். இத்தெல்லாம் கொற. இப்ப நல்லத கேளுங்க. எந்த வூட்ல கொயந்தைக்கு ஜொரம், எந்த வூட்ல விருந்தாளி வந்துகீறாங்க, போன வாரம் குட்ச்சவங்க இன்னா சொன்னாங்க, குடிக்காதவங்க ஏன் குடிக்கல, எல்லாத்தையும் கேட்டுகினு வந்து உங்களாண்ட சொல்லுவேன். உங்க டேப்பு நல்லா பேசும் சார். ஆனா அதுக்குக் காது கீதா?"

சொல்லி முடித்துவிட்டு, டப்பாவை நீட்டிவிட்டு நிற்பாரே, அதேபோலப் பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெஞ்சவில்லை, அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தினார். மேனேஜர் பேனாவை வாயிலிருந்து எடுத்தார். மேஜையில் இருந்த ஊர்ப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பொத்தானை அழுத்தினார். அறைக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை எந்த ஊர், அக்கா?"

"சாலவாக்கம்" என்றார் அக்கா. "நீங்களும் வாங்க. துன்னுட்டு வாங்க."